ரத்னாவின் சைக்கிள் உள்ளே போன வழி

ஒரகடத்தில் வெர்டாரா சீட்டிங் என்று ஒரு கம்பெனி. கார் சீட் செய்கிறார்கள். உலகத்து மனிதர்கள் சுகமாக உட்கார்ந்து போவதற்கான அத்தனையும் அங்கே தயாராகிறது; தயார் செய்கிறவர்கள் மட்டும் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டிருப்பார்கள். உட்கார்ந்தால் கவனம் சிதறுமாம். கவனம் சிதறினால் விபத்தாம். விபத்து என்று காதில் விழுந்தாலே அந்தக் கம்பெனி ஒரு மீட்டிங் போட்டுவிடும்.

உள்ளே நடப்பதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த பாதை இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு கட்டைவிரல் வெளியே போகக் கூடாது. பாதை குறுக்கிடுகிற இடத்தில் நின்று, வலது பக்கம் விரலை நீட்டி "ரைட் ஓகே", இடது பக்கம் நீட்டி "லெஃப்ட் ஓகே" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தாண்டலாம். எதிரே வருவது கேன்டீன் டீ வண்டிதான் என்றாலும் சொல்லியாக வேண்டும். சேப்டி மேனேஜர் ஏகாம்பரநாதன் கக்கூசுக்குள் நுழையும்போதும் விரலை நீட்டிவிட்டுத்தான் நுழைவார் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. பொய்யாக இருக்க வழியில்லை.

கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் அது வேறு கிரகம். மெயின் ரோடு. கண்டெய்னர் டிரெய்லர்கள், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகள், ஷிப்டுக்கு ஆள் திரட்டிக்கொண்டு பறக்கிற பஸ்கள். சைக்கிளுக்கென்று அதில் ஒரு முழம் இடம் கிடையாது. ஓரத்தில் கொஞ்சம் மண் இருந்தது. அதிலும் லாரி டிரைவர்கள் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த ரோட்டில்தான் ரத்னா தினமும் சைக்கிளில் வேலைக்கு வந்தாள்.

ரத்னா வல்லக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். சீட் கவர் தைக்கிற லைனில் வேலை. கம்பெனி பஸ் அவள் தெருவுக்கு வராது. பெரிய ரோடு வரை நடந்துபோய் ஏறினாலும், அது ஊர் ஊராகச் சுற்றி, சாமி புறப்பாடு மாதிரி நின்று நின்று வரும். சைக்கிள் என்றால் கோயிலுக்குப் பின்னால் இறங்கி, ஏரிக்கரை ரோட்டைப் பிடித்துவிட்டால் போதும். காற்று. பனைமர நிழல். தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்குகள். வீட்டில் மாமியார், லைனில் சூப்பர்வைசர். இரண்டுக்கும் நடுவே யாரும் அவளை எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். அவளுக்கு அது உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில், வேலையே இல்லாவிட்டாலும், பக்கத்து மிஷின் ஐஸ்வர்யாவைக் கூட்டிக்கொண்டு அதே கரையில் சும்மா சுற்றுவாள்.

கொடுமை என்னவென்றால், அந்த ஏரிக்கரை ரோடு நேராகக் கம்பெனியின் முதுகில் போய் முட்டும். அங்கே மூன்றாம் நம்பர் கேட் இருந்தது. கட்டடம் கட்டும்போது மணல் லாரி வருவதற்காக வைத்தது. கட்டி முடித்ததும் பூட்டிவிட்டார்கள். கம்பி வழியாகப் பார்த்தால் ரத்னாவுக்கு அவள் தைக்கிற மிஷினே தெரியும். தெரிந்து என்ன? அங்கிருந்து திரும்பி, மெயின் ரோட்டில் ஏறி, டிரெய்லர்களோடு போட்டி போட்டுக்கொண்டு கம்பெனியை ஒரு பிரதட்சணம் வந்துதான் முன்கேட்டுக்குள் நுழைய வேண்டும்.

ஒருநாள் காலை ஒரு டிரெய்லர் அவள் டிபன் பையை உரசிக்கொண்டு போனது. பை பறந்தது. ரத்னா மண்ணில் விழுந்தாள். சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தவர்தான் தூக்கிவிட்டார். முழங்கை சிராய்ப்பும் சேறு பூசிய யூனிபாரமுமாக லைனுக்கு வந்தவளைப் பார்த்து சூப்பர்வைசர் பாலாஜி பதறிப்போனான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா! நியர் மிஸ்ஸா? நெசமான நியர் மிஸ்ஸா?"

நடக்கவேண்டிய விபத்து நூலிழையில் நடக்காமல் போனால் அதற்குக் கம்பெனியில் அப்படிப் பெயர். ஒவ்வொரு லைனும் மாதாமாதம் இத்தனை என்று காட்டியாக வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் ஆளாளுக்குக் கற்பனை செய்து எழுதுவார்கள். போன மாதம் பாலாஜி, கேன்டீன் இட்லி கால்மேல் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். இப்படி ரத்தமும் சேறுமாக அசல் சரக்கு கையில் கிடைத்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கை எரியுதுடா," என்றாள் ரத்னா.

"இருக்கா, தொடைக்காத. போட்டோ எடுத்துக்கறேன்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளை மைக்கில் பேச வைத்தார்கள். கைதட்டினார்கள். ஒரு சாக்லேட் கொடுத்தார்கள். அதன் பிறகு ஏகாம்பரநாதன் அவளை மீட்டிங் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெள்ளைப் போர்டுக்கு முன்னால் நிறுத்தினார். எந்தத் தப்பு நடந்தாலும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டால் மூலகாரணம் கையில் சிக்கிவிடும் என்பது கம்பெனியின் வேதவாக்கு. மிஷின் நின்றாலும் அதுதான், மனுஷன் விழுந்தாலும் அதுதான்.

"ஏன் நம்பர் ஒண்ணு," என்று ஆரம்பித்தார். "லாரி ஏன் இடிச்சுது?"

"அவன் கண்ண மூடிகினு வந்தான் சார்."

"லாரி நம்ம கண்ட்ரோல்ல இல்லம்மா. நம்ம கண்ட்ரோல்ல இருக்கறத மட்டும்தான் எழுதணும்." 'சைக்கிள் ரோட்டில் இருந்ததால்' என்று எழுதினார். "சைக்கிள் ஏன் ரோட்டுல இருந்துது?"

"ரோட்ல இல்லாம வேற எங்க சார் இருக்கும்? வேலைக்கு வந்துகினு இருந்தேன்."

'பணியாளர் சைக்கிளில் வந்ததால்.' "ஏன் சைக்கிள்ல?"

"பஸ்ஸு எங்க தெருவாண்ட வர்றதில்ல சார்."

அதையும் எழுதினார். ரத்னாவுக்கு நெஞ்சில் லேசாக ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. அடுத்தது பஸ் ஏன் வரவில்லை என்று கேட்பார் என்று நினைத்தாள். அவர் கேட்கவில்லை. பஸ் அட்மின் டிபார்ட்மென்டின் பொறுப்பு. அடுத்த டிபார்ட்மென்டைக் குறை சொல்வது கம்பெனியின் பண்பாட்டுக்கு விரோதம்.

"ஏன் நம்பர் நாலு. பஸ் வராத தெருவுக்கு நீ ஏன் போன?"

"என் வூடு அங்கதான் சார் கீது."

"வீடு ஏன் அங்க இருக்கு? இது அஞ்சாவது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

ரத்னா நல்லா யோசித்தாள். "அங்கதான் சார் கட்டிக் குடுத்தாங்கோ."

ஏகாம்பரநாதன் சிவப்பு ஸ்கெட்சை எடுத்து, போர்டின் அடியில் 'திருமணம்' என்று எழுதி, சுற்றிலும் வட்டம் போட்டார். ரூமில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். மூலகாரணம் கிடைத்துவிட்டது.

"சார், அதெல்லாம் இன்னாத்துக்கு? பின்னாடி மூணாம் நம்பர் கேட்டத் தொறந்து வுட்டா நான் மெயின் ரோட்டுக்கே போமாட்டேன் சார்."

"நல்ல பாயின்ட்தாம்மா," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "ஆனா அது ஆறாவது ஏன்-ல வரும். முறை அஞ்சோட முடிஞ்சிடுது."

நடவடிக்கைகள் அன்றே அறிவிக்கப்பட்டன. இடைக்காலத் தீர்வு: முன்கேட்டில் சைக்கிளுக்குத் தடை. நிரந்தரத் தீர்வு: திருமணம் சம்பந்தப்பட்டது, பொறுப்பு கணவர். மற்றவர்களுக்கும் இதே ஆபத்து வராமல் தடுப்பதற்காகக் கல்யாணமாகாத பெண்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு எடுத்து, கம்பெனி பஸ் ரூட் மேப் ஒன்றும் கொடுத்தார்கள். வரன் பார்க்கும்போது வீட்டில் காட்டச் சொன்னார்கள்.

"அக்கா, எங்கப்பா செவ்வா தோசம் பாத்தே நொந்து போயிக்கீறாரு," என்றாள் ஐஸ்வர்யா. "இன்னிமே மாப்ள வூட்டாண்ட எத்தினி மணிக்குப் பஸ்ஸு வருதுன்னு வேற பாக்கணுமா?"

கணவன் பகலவனுக்கு சுங்குவார்சத்திரத்தில் வெல்டிங் பட்டறை. கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றதும் பெண்டாட்டிக்கு என்னவோ ஏதோ என்று பாதி வேலையில் போட்டது போட்டபடி ஓடிவந்தான். அவனுக்கு விசிட்டர் பாஸ் மாட்டி, ஹெல்மெட் கவிழ்த்து, தீ பிடித்தால் எப்படி ஓடவேண்டும் என்று வீடியோ காட்டி, கடைசியில் போர்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

"மிஸ்டர் பகலவன், இந்த இன்சிடென்ட்டுக்கு நீங்கதான் மூலகாரணம்."

"நான் இன்னா சார் பண்ணேன்? நான் அப்ப பட்டறைல இருந்தேன்."

"நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க."

பகலவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். "அது பண்ணி வருசமாச்சே சார்," என்றான் தணிந்த குரலில். "இப்ப இன்னா செய்யணும்ன்றீங்கோ?"

"அத நீங்கதான் சொல்லணும். மாச முடிவுக்குள்ள ஆக்‌ஷன் எடுத்துட்டு வந்து காட்டுங்க."

"அந்தப் பின்னாடி கேட்டு..."

"சஜஷன் குடுக்க எம்ப்ளாயிக்கு மட்டும்தான் அனுமதி," என்று அவர் பணிவாக எழுந்து கைகொடுத்து அனுப்பிவைத்தார். வீட்டுத் தெருமுனை வந்ததும் பகலவன், "என்னை இன்னா டைவர்ஸ் பண்ணச் சொல்றானா அந்தாளு?" என்று கேட்டான்.

ரத்னா பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். சைக்கிள் வீட்டு வாசலில் துருப்பிடித்துக்கொண்டு நின்றது. அதன்மேல் மாமியார் துணி காயப்போட்டாள். பஸ் ஜன்னல் வழியாக ஏரிகூடத் தெரியாது. சாயங்காலம் வீடு திரும்பினால் அடுப்பு, விடிந்தால் பஸ். தன்னுடையது என்று இருந்த ஒரே ஒரு பொருளை யாரோ பிடுங்கிக்கொண்டு போனது போல அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. யார்மேல் காட்டுவது? எல்லோரும் அவளுடைய பாதுகாப்புக்காகத்தானே செய்தார்கள்.

அந்தச் சமயம்தான் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: எல்லா பிளான்ட்டிலும் பசுமைப் பயண தினம் கொண்டாட வேண்டும், சைக்கிளை ஊக்குவிக்க வேண்டும், ஒரு அதிகாரி அம்மாள் நேரில் வந்து பார்ப்பார். பிளான்ட் ஹெட் மோகன்ராஜ் உடனே களத்தில் இறங்கினார். புத்தம்புது சைக்கிள்கள் சென்னையிலிருந்து இரண்டு லாரியில் வந்து இறங்கின. கார் நிறுத்துகிற மைதானத்தில் சைக்கிள் பேரணி. ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட், முழங்கால் கவசம், பளபளக்கும் ஜாக்கெட். முன்னால் ஒருவர் சிவப்புக்கொடி, பின்னால் ஆம்புலன்ஸ். மைக்கில் மோகன்ராஜ்.

"நண்பர்களே, சைக்கிள் என் உயிர்மூச்சு. நான் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவன். வீட்டில், ஏ.சி. ரூமில், டி.வி.க்கு எதிரே ஓட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லை. ஏனென்றால் நான் எங்கேயும் போவதில்லை. இதுதான் நம் பிளான்ட்டின் பார்வையும். சைக்கிளில் ஒரு ஆபத்தும் கிடையாது. ஆபத்தெல்லாம் ரோட்டில்தான் இருக்கிறது. ரோட்டை நீக்கிவிட்டால் சைக்கிள் முழுப் பாதுகாப்பான வாகனம். அதைத்தான் இன்று சாதித்துக் காட்டியிருக்கிறோம்!"

கைதட்டல் அடங்கியதும் பேரணி கிளம்பியது. கொடி பிடித்தவர் நடக்கிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. அந்த வேகத்தில் சைக்கிள் நிற்குமா? அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் மொத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தது. மைக்கில், "இப்போது நமது குழுவினர் சிறிது ஓய்வெடுக்கிறார்கள்," என்று அறிவித்தார்கள். ஆம்புலன்ஸ் முன்னால் வந்தது.

விருந்தாளி அம்மாளுக்குச் சலித்துவிட்டது. தன் ஊரில் மந்திரிகூடச் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார் என்றும், இங்கே நிஜமாகவே தினமும் சைக்கிளில் வருகிற ஒருவரையும், அவர் வருகிற வழியையும் பார்க்கவேண்டும் என்றும் கேட்டார். பிறகு அத்தனை தலையும் ஒரே சமயத்தில் ரத்னாவைத் தேடியது. அவள் பச்சைப் பாதையில் நின்று ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வழியாம்மா வருவ?" என்று மோகன்ராஜ் காதோடு கேட்டார். நெற்றி வியர்த்திருந்தது. "மெயின் ரோடுன்னு மட்டும் சொல்லிடாத."

"மூணாம் நம்பர் கேட் வழியா சார்," என்றாள் ரத்னா, இமைக்காமல்.

கேட்டுக்கு ஓடினார்கள். பூட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சாவி யாரிடம் இருந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. விருந்தாளிக்கு இளநீர்மேல் இளநீராகக் கொடுத்து நேரத்தைக் கடத்திக்கொண்டே, அவசரமாக ஒரு வெல்டரைத் தேடினார்கள். ரத்னா போன் போட்டாள். பகலவன் கேஸ் கட்டரோடு வந்து, ஒரே மூச்சில் பூட்டை அறுத்துப் போட்டான். ஏகாம்பரநாதன் முகத்தில் நிம்மதி படர்ந்தது. நிரந்தரத் தீர்வு, பொறுப்பு கணவர் என்று போட்டிருந்தது அல்லவா? கணவர் வந்து முடித்துக் கொடுத்துவிட்டார். முறை பொய்க்காது என்று அவர் பாலாஜியிடம் தழுதழுத்தார்.

கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. பேரணிச் சைக்கிள்களில் ஏறி, ரத்னா முன்னால், விருந்தாளி பின்னால். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்த நேரம். கொக்குகள் எழுந்து பறந்து மறுபடி இறங்கின. அந்த அம்மாள் என்னவோ சொல்லிச் சிரித்தார். ரத்னாவுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். எத்தனையோ வாரம் கழித்து முகத்தில் அந்தக் காற்று பட்டபோது பெடலை இன்னும் வேகமாக மிதித்தாள்.

பிளான்ட்டுக்கு விருது கிடைத்தது, உலகத்திலேயே சிறந்த சைக்கிள் வசதி என்று. கூடவே ஒரு ஏற்பாடு: சைக்கிள் ஸ்டாண்டில் கேமரா வைக்கப்படும், தினமும் காலையில் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்பதைத் தலைமை அலுவலகம் அங்கிருந்தபடியே பார்க்கும். மூன்றாம் நம்பர் கேட் திறந்தே இருந்தது. அறுத்த பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்க அனுமதி வரவில்லை என்பதுதான் காரணம் என்றாலும், திறந்திருந்தது. ரத்னா வந்தாள், ஐஸ்வர்யா வந்தாள், அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் பரணில் கிடந்த சைக்கிளையெல்லாம் இறக்கித் துடைத்துக்கொண்டு வந்தார்கள். காலையில் ஏரிக்கரை முழுக்க மணிச்சத்தம். ரத்னாவுக்கு அந்தக் கம்பெனிமேல் பிரியமே வந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

விருதின் நினைவாகக் கல்வெட்டு வைக்க மோகன்ராஜ் ஆசைப்பட்டார். கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. விருந்தாளி எந்த இடத்தில் சைக்கிள் ஏறினாரோ அதே இடத்தில் இருந்தால்தான் பொருத்தம் என்று, மூன்றாம் நம்பர் கேட்டின் நடுவில் நட்டார்கள். 'சைக்கிளுக்குத் திறந்த வாசல்' என்று பொறித்திருந்தது. இரண்டு பக்கமும் சைக்கிள் போக இடம் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஏகாம்பரநாதன் வந்து பார்த்துத் திடுக்கிட்டார். சைக்கிள் வந்து கல்லில் மோதினால்? எப்பேர்ப்பட்ட அபாயம்! கல்லைப் பாதுகாக்க இரண்டு பக்கமும் வழியை அடைத்து ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலை, பெண்கள் சைக்கிளோடு சுவருக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ஸ்டாண்ட் காலி. கேமராவில் காலி ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மோகன்ராஜ் போனும் கையுமாக ஏகாம்பரநாதனிடம் ஓடினார். முன்கேட் வழியாகச் சைக்கிள் வரக் கூடாது, அது தடை. சுவரை இடிக்கக் கூடாது, அது பாதுகாப்பு. ஏகாம்பரநாதன் கண்ணை மூடி யோசித்தார். ஸ்டோரிலிருந்து சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை வரவழைத்து, சுவருக்கு மேலாகப் பலகையை நீட்டச் சொன்னார்.

"ஒவ்வொண்ணா ஏத்துங்கம்மா. சைக்கிள் மெட்டீரியல்தானே, மெட்டீரியலைத் தூக்க நம்மகிட்ட முறை இருக்கு."

ரத்னாவின் சைக்கிள்தான் முதலில் போனது. கயிறு கட்டி, ஆடாமல் அசையாமல், தங்க எழுத்துக்கு மேலே உயர்ந்து, அந்தப் பக்கம் பூப்போல இறங்கியது. உள்ளே இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

"சார், சைக்கிளு போச்சு. நான் எப்டி சார் வர்றது?"

"ஆளைத் தூக்கக் கூடாதும்மா. தப்பு." அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "நீ மெயின் ரோடு வழியா நடந்து வா. நடக்கறதுக்கு நாம தடை எதுவும் போடலையே."

ரத்னா சுவரைப் பார்த்தாள். சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். ஐஸ்வர்யா அதைவிடப் பெரியதாக ஒன்று சொன்னாள். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் சுவருக்கு அந்தப்புறம் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு பெண்கள் எல்லோரும் வரிசையாக மெயின் ரோட்டில் ஏறினார்கள். ஒரு டிரெய்லர் காதுக்குப் பக்கத்தில் ஹாரனை அலறவிட்டுப் போனது. அது கிளப்பிய காற்றில் ரத்னா தடுமாறி, ஐஸ்வர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியை விடாமலே இருவரும் முன்கேட் வரை நடந்தார்கள்.

முன்கேட்டில் கார்டு தேய்த்து உள்ளே வந்தபோது ஷிப்ட் தொடங்கியிருந்தது. ஸ்டாண்டில், தகரக் கூரையின் நிழலில் அவளுடைய சைக்கிள் நின்றது. கேமராவில் நன்றாகத் தெரியவேண்டும் என்று யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார்கள். ரத்னா முகத்துப் புழுதியைத் துப்பட்டாவால் வழித்துக்கொண்டு அதன் எதிரே நின்றாள்.

"வந்து சேந்துட்டியாடி மகராசி?" என்றாள். "நல்லா இரு. நீ ஒருநாள் காணோம்னா பாரின்லேர்ந்து போன் போட்டுத் தேடுவாங்கோ. நான் காணோம்னா ஒரு ஆப்சென்ட்டு, அவ்ளோதான்."